ஐஈஎல்ரிஎஸ் பரீட்சைக்குச் சொல் சேர்ப்பது எப்படி? வன்னியில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கே போனாலும் ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகிற ஒருவரையாவது காணலாம். அறிவியல் நகரில் பொறியியல் முடித்து மேற்படிப்புக்குப் போக நினைக்கிறவர்கள், ஆஸ்பத்திரி வேலையோடு வெளிநாட்டில் தாதியாகப் பதிவு செய்ய முயல்கிறவர்கள், கணவனோ மனைவியோ லண்டனில் இருக்க விசாவுக்காகப் படிக்கிறவர்கள் என்று பல வகையினர். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை சொல் பாடமாக்க வேணும்?"

பலருடைய கையில் ஒரு போட்டோக்கொப்பிக் கட்டும் இருக்கும். அகர வரிசையில் கடினமான ஆங்கிலச் சொற்கள், எதிரே ஒற்றைத் தமிழ்ப் பொருள். அந்தக் கட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் உள்ள சொற்களில் பாதி பரீட்சையில் வரவே வராது. மற்றப் பாதியை எந்த வசனத்தில், எந்தச் சொல்லோடு சேர்த்துப் பாவிப்பது என்று அந்தக் கட்டு சொல்லித் தராது. சாதாரண சொற்களை முழுமையாகப் பிடித்து, அவற்றை உங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கதைக்கப் பழகினால் புள்ளி தானாக ஏறும். இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு குறிப்பு: வாசிக்க வசதியாக ஆங்கிலச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கொப்பியில் அப்படி எழுத வேண்டாம். காரணம் கீழே வரும்.

முதலில் பரீட்சையைப் பாருங்கள்

நான்கு பகுதிகள். செவிமடுத்தல் ஏறக்குறைய 30 நிமிடம், 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் போகும். வாசிப்பு 60 நிமிடம், அதிலும் 40 கேள்விகள். எழுத்து 60 நிமிடம்: முதல் வேலைக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்குக் குறைந்தது 250 சொல், இரண்டாவதற்கு இரட்டிப்புப் பெறுமதி. பேச்சு 11 முதல் 14 நிமிடம், பரீட்சகரோடு நேருக்கு நேர். ஒவ்வொரு பகுதிக்கும் 9 வரை பேண்ட் என்கிற தரப் புள்ளி போட்டு, நான்கின் சராசரியை அரை பேண்ட் அளவுக்குச் சரிசெய்து மொத்தப் புள்ளி தருவார்கள்.

அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை உண்டு. படிப்புக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் அகாடமிக்கைத்தான் கேட்பார்கள். அதில் முதல் எழுத்து வேலை ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது. ஜெனரலில் அந்த இடத்தில் ஒரு கடிதம். இரண்டுக்கும் வேண்டிய சொற்கள் வேறு. ஆகவே நீங்கள் போக நினைக்கிற பல்கலைக்கழகமோ தூதரகமோ எந்த வகையை, எந்தப் பகுதியில் எத்தனை பேண்ட் கேட்கிறது என்பதை அவர்களுடைய இணையத்தளத்தில் நீங்களே வாசித்து உறுதிப்படுத்துங்கள். முகவர் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு காசு கட்ட வேண்டாம். பெறுபேறு பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் மிக முந்தி எழுதுவதும் வீண் செலவு.

சொற்களுக்கு எவ்வளவு புள்ளி? எழுத்திலும் பேச்சிலும் நான்கு அளவுகோல்கள் வைத்துப் புள்ளியிடுகிறார்கள். அதில் ஒன்று சொல்வளம், அதாவது கால்வாசி. அதிக பேண்டுக்குச் சற்று அரிதான சொற்களும் தேவைதான். ஆனால் அந்தச் சொல் இடத்துக்குப் பொருந்துகிறதா, சரியான துணைச்சொல்லோடு, அதாவது ஆங்கிலத்தில் வழக்கமாக அதோடு சேர்ந்து வருகிற சொல்லோடு, வருகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். தவறான இடத்தில் வைத்த பெரிய சொல் புள்ளியைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும்.

நீங்கள் நிற்கிற இடம் எது?

ஓர் ஆங்கிலச் செய்தியை எடுங்கள். அதில் ஏறக்குறைய 100 சொல் வருகிற ஒரு பத்தியைப் பென்சிலோடு வாசியுங்கள். விளங்காத சொல்லின் கீழே கோடு போடுங்கள். இரண்டு மூன்று கோடு என்றால் அந்த எழுத்து உங்களுக்கு ஏற்றது, மிச்சத்தை ஊகிக்கலாம். ஐந்துக்கு மேல் போனால் வாசிப்பு தடுமாறும். பத்து, பதினைந்து என்று போனால் அடிப்படைச் சொற்களில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இடப்பெயர்வில் பள்ளிக்கூட வருடங்களைத் தொலைத்தவர்களும், ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் இங்கே நிறையப் பேர். இடைவெளி எங்கே என்று தெரிந்தால் அதை அடைக்கலாம்.

அடைக்க இரண்டு பட்டியல்கள் உதவும். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்கள் உள்ளன. அந்தக் காலத்து வங்காளத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவம் உள்ளவர் அவர். அந்தப் பட்டியலைப் புதுப்பித்து 2013இல் இன்னொன்று வந்திருக்கிறது, எதை எடுத்தாலும் சரி. அடுத்தது அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல்: 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வருகிற சொற்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்), பத்துப் பிரிவுகள். அவருடைய கணக்குப்படி கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெஸ்டின் பொதுச் சொற்கள், இன்னொரு பத்தில் ஒரு பங்கு இந்த 570 குடும்பங்கள். பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வரிசை முக்கியம். பொதுப் பட்டியலை ஓடிப் பார்த்துத் தெரிந்ததை வெட்டுங்கள். சாதாரண தர ஆங்கிலத்தை ஒழுங்காகப் படித்தவருக்குப் பெரும்பகுதி வெட்டுப்பட்டுவிடும். மிஞ்சியதை முடித்த பிறகு கல்விசார் பட்டியலின் முதற் பிரிவுக்குப் போங்கள். அடிக்கடி வருகிறவை முதலில் வரும்படிதான் அதைப் பிரித்திருக்கிறார்கள். அனலைஸ், பெனிஃபிட், அவைலபிள் போன்றவை முதற் பிரிவிலேயே இருக்கின்றன. பத்தாம் பிரிவுக்கு வந்து சேராவிட்டாலும் பாதகமில்லை.

கொப்பியில் ஒரு பக்கம்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு நாளைக்கு எட்டுச் சொல் காணும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கொப்பியில் கால் பக்கமாவது ஒதுக்குங்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று கோடு கிழித்து எழுதுகிற பழக்கத்தை விடுங்கள். அப்படி எழுதினால் சொல்லைக் கண்டால் பொருள் நினைவுக்கு வரும், கதைக்கிற நேரத்தில் சொல் வாயில் வராது.

டேமேஜ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சேதம். எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். இதை எப்படி எழுதுவது?

சொல்லை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, அழுத்தம் விழுகிற அசையின் கீழே கோடு போடுங்கள். டேமேஜில் முதல் அசை. அதன் கீழே, சொல் எந்த வேலை செய்கிறது என்று குறியுங்கள்: பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையாகவும் வரும். பெயராக வரும்போது எண்ண முடியாத பெயர், ஆகவே சேதங்கள் என்ற பொருளில் கடைசியில் எஸ் சேர்க்கக் கூடாது. எஸ் சேர்த்தால் அது நீதிமன்றம் கொடுக்கச் சொல்கிற நட்டஈடாகிவிடும்.

பிறகு துணைச்சொற்கள். சேதத்தை ஏற்படுத்துவது என்றால் காஸ் டேமேஜ். மேக் டேமேஜ் என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. பெருஞ்சேதம் என்றால் சிவியர் டேமேஜ். பயிருக்குச் சேதம் என்றால் டேமேஜ் டு கிராப்ஸ். அந்த இடத்தில் 'டு' வரும், 'ஃபோர்' வராது. இந்த மூன்றையும் எழுதி வையுங்கள்.

கடைசியாக உங்கள் சொந்த வசனம். அகராதியில் இருக்கிற வசனத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வன்னியில் வயல் வைத்திருக்கிறவருக்கு இந்தச் சொல்லுக்கு வசனம் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. இரவில் யானை வந்து கதிர் முற்றிய வயலை மிதித்துப் போனதை எழுதுங்கள்: வைல்ட் எலிஃபன்ட்ஸ் காஸ் சிவியர் டேமேஜ் டு கிராப்ஸ் இன் அவர் வில்லேஜ். அதை மூன்று தடவை சத்தமாகச் சொல்லுங்கள். பார்த்தீர்களா, சூழல் பற்றி, விவசாயம் பற்றி, மனிதர்க்கும் விலங்குக்கும் இடையிலான சிக்கல் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் எடுத்துப் போடக்கூடிய ஒரு வசனம் உங்கள் கையில் இருக்கிறது.

துணைச்சொற்களை எங்கே தேடுவது? கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதிகளில். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, சொல்லை அழுத்தினால் உச்சரிப்பையும் கேட்கலாம். தமிழ்ப் பொருளுக்கு வேறு அகராதி பார்க்கலாம், தவறில்லை. துணைச்சொல்லுக்கு மட்டும் இவற்றுக்குத்தான் வர வேண்டும்.

இனி, தமிழ் எழுத்தில் ஏன் எழுதக் கூடாது? பூங்காவைக் குறிக்கிற சொல்லையும் நாய் குரைப்பதைக் குறிக்கிற சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் பார்க்தான். ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு வேறு, நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. க, ட வரிசையிலும் இதே கதை. கொப்பியில் தமிழில் எழுதிப் பழகினால் காதும் அந்த வேறுபாட்டை விட்டுவிடும். செவிமடுத்தலில் அதற்கு விலை கொடுக்க வேண்டி வரும்.

ஊரை எடுத்துக்கொண்டு தலைப்புகளுக்குள் போங்கள்

பேச்சுப் பகுதியின் இரண்டாம் கட்டத்தில் ஓர் அட்டை தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம், பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் தொடர்ந்து கதைக்க வேண்டும். புதுக்குடியிருப்புப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தாதித் தங்கச்சியோடு இதைப் பயிற்சி செய்து பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அட்டையில் இருந்தது, நீர்நிலைக்கு அருகில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடம். அவர் யாரோ எழுதிக் கொடுத்த விடையைப் பாடமாக்கி வைத்திருந்தார். தான் போயே இராத ஒரு கடற்கரை விடுதியைப் பற்றியது. நான்கு வசனம் ஓடியது, ஐந்தாவதில் ஒரு சொல் மறந்தது, அதோடு நின்றுவிட்டது. முகம் சிவந்துபோனது.

"அதை விடுங்கோ தங்கச்சி, இரணைமடுவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றேன். முதலில் தமிழிலேயே சொன்னார்: மாரி மழைக்குக் குளம் நிரம்புவது, வான்கதவு திறந்தால் சனம் பார்க்க வருவது, குளக்கட்டில் நடந்து போவது, கீழே வயல் பச்சையாக விரிந்து கிடப்பது. அவர் சொல்லச் சொல்ல வேண்டிய ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் குறித்தோம். குளத்துக்கு ரிசர்வாயர், குளக்கட்டுக்கு பண்ட், வான்கதவுக்கு ஸ்பில் கேட், நீர்ப்பாசனத்துக்கு இரிகேஷன், நெற்பயிருக்கு பேடி, வறட்சிக்கு டிரவுட். பண்ட் என்ற சொல்லை வெளிநாட்டுப் பரீட்சகர் அறியாதிருக்கலாம் என்பதால், தண்ணீரைத் தடுத்து வைக்கிற நீண்ட மண் அணை என்று அடுத்த மூச்சிலேயே விளக்கவும் பழகினோம். திரும்ப ஆங்கிலத்தில் தொடங்கியபோது இரண்டு நிமிடமும் நிற்காமல் போனது. இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் சொல் தேடித் திணறவில்லை, ஏனென்றால் கண்ணால் கண்டதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதையே எல்லாத் தலைப்புக்கும் செய்யுங்கள். சூழல், கல்வி, சுகாதாரம், போக்குவரத்து, வேலை, தொழில்நுட்பம், நகரமும் கிராமமும், உணவு, குடும்பம் என்று திரும்பத் திரும்ப வருகிற தலைப்புகள் கொஞ்சம்தான். சூழலா? மணல் அகழ்வு, காடழிப்பு, யானை வேலி. போக்குவரத்தா? ஏ9 வீதி, காவலில்லாத ரயில் கடவை, 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது. வேலையா? மீன்பிடி, ஆடைத் தொழிற்சாலை, வெளிநாட்டுக்குப் போகிற இளையவர்கள். சுகாதாரமா? அவசர நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தாள், தாளுக்கு ஒரு பதினைந்து சொற்கள், அவற்றைக் கொண்டு உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வசனங்கள்.

போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவ நினைவு, வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றம், கடினமான ஒரு காலம் என்று கேள்வி வந்தால் வன்னிப் பிள்ளைகளின் மனம் எங்கே போகும் என்று தெரியும். அதைக் கதைக்க விரும்பினால் டிஸ்பிளேஸ்ட், ரீசெட்டில், ரீபில்ட், லேண்ட்மைன் கிளியரன்ஸ் போன்ற சொற்களை ஆயத்தமாக வைத்திருங்கள். விரும்பாவிட்டால் கதைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பரீட்சகர் அளப்பது உங்கள் ஆங்கிலத்தை. சின்ன வயதில் தென்னோலையில் காற்றாடி செய்த கதையைச் சொன்னாலும் அதே புள்ளிதான். கதைக்கத் தொடங்கினால் கண் கலங்கும் என்று தெரிந்தால் வேறு ஒன்றை முன்கூட்டியே தெரிவு செய்துகொள்ளுங்கள்.

மறக்காமல் இருக்க

ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற உடனேயே மறதி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆகவே இன்றைய சொல்லை நாளை ஒரு தடவை, பிறகு மூன்று நாளில், ஒரு கிழமையில், இரண்டு கிழமையில் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் இருபது தடவை எழுதுவதை விட இது பலன் தரும்.

செபஸ்தியன் லைட்னர் 1970களில் இதற்கு ஒரு பெட்டி முறையைச் சொன்னார். ஒரு பிஸ்கட் பெட்டியை மட்டையால் ஐந்து அறையாகப் பிரியுங்கள். சிறு அட்டைகளின் ஒரு பக்கம் தமிழில் ஒரு வசனம், மறு பக்கம் அதற்கான ஆங்கில வசனம், படிக்கிற சொல்லுக்குக் கீழே கோடு. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல வேண்டும். சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் முதல் அறைக்குத் திரும்பி வரும். முதல் அறையை ஒவ்வொரு நாளும் பாருங்கள், பின்னால் போகப் போக நாள் கூடட்டும். போனில் செய்ய விரும்பினால் அன்கிடிராய்ட் என்ற செயலி இலவசம், ஒரு தடவை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய் வருகிறவருக்கு அந்த நேரமே போதும்.

பிறர் செய்து வைத்த அட்டைத் தொகுதிகளை இறக்க வேண்டாம். அட்டையை நீங்களே எழுதுகிறபோதே பாதி படித்தாகிவிடும்.

காதுக்கு

செவிமடுத்தலில் விடை தெரிந்தும் புள்ளி போகிற இடம் எழுத்துக்கூட்டல். பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் என்று எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். ஏ, ஈ, ஐ மூன்றும் நம்மவருக்குக் குழப்பம், ஜி, ஜே இரண்டும் அப்படியே. வீட்டில் யாரையாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். டபிள் என்றால் அடுத்த எழுத்து இரண்டு தடவை என்பது அந்த அவசரத்திலும் நினைவில் நிற்க வேண்டும்.

அக்கொமடேஷனில் சீ இரண்டு, எம் இரண்டு. என்வைரன்மென்ட், கவர்ன்மென்ட் இரண்டிலும் எம்முக்கு முன்னால் ஓர் என். வென்ஸ்டேயில் காதில் விழாத டி ஒன்று. ரிசீட்டில் காதில் விழாத பி ஒன்று. இப்படிப்பட்டவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் வைத்திருங்கள். பிரித்தானிய எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டையும் ஏற்பார்கள். பன்மை எஸ்ஸை விட்டால் விடை பிழை. இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்று கேட்டிருக்கிற இடத்தில் மூன்று எழுதினாலும் பிழை.

போனில் தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழையைப் போனே திருத்திவிடும். பரீட்சையைக் கணினியில் எழுதினாலும் அங்கே அந்த உதவி கிடையாது. இன்றைக்கே அதை நிறுத்தி வையுங்கள்.

கேட்க எதைக் கேட்பது? ஆங்கிலம் கற்போருக்கென்று பிபிசி சிறு ஒலித் துண்டுகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவில்லை. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு எழுத்தோடு, பிறகு திரும்பவும் எழுத்தில்லாமல்.

வாசிப்புக்கு

கேள்வியில் உள்ள சொல் பத்தியில் அப்படியே இராது, வேறு சொல்லில் ஒளிந்திருக்கும். கேள்வி விளைச்சல் குறைந்தது என்று கேட்டால் பத்தி அறுவடை வீழ்ந்தது என்று சொல்லும். ஆகவே மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்து முடித்ததும் புள்ளியைக் கணக்கிட்டுவிட்டு எழும்ப வேண்டாம். ஒவ்வொரு விடைக்கும் கேள்வியில் உள்ள சொல்லையும் பத்தியில் அதற்கு இணையான சொல்லையும் சோடியாக எழுதுங்கள். ஒரு தாளில் இப்படி இருபது முப்பது சோடி கிடைக்கும். எந்தப் பட்டியலையும் விட இது பரீட்சைக்கு நெருக்கமானது.

எழுத்துக்கு

அகாடமிக் எழுதுகிறவர்கள் முதல் வேலைக்கு ஏற்ற இறக்கச் சொற்களைத் தனியாகப் படிக்க வேண்டும். இதற்கு நல்ல பயிற்சி குளத்து நீர்மட்டம். மாரியில் நீர்மட்டம் எத்தனை அடி என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். அந்த இலக்கங்களை மாத வரிசையில் வைத்து ஒரு கோட்டு வரைபடம் கீறுங்கள். ஐப்பசியில் மெல்ல ஏறுகிறது: ரைஸ் கிராஜுவலி. கார்த்திகை மழைக்குத் திடீரென்று ஏறுகிறது: ரைஸ் ஷார்ப்லி. உச்சத்தைத் தொடுகிறது: ரீச் எ பீக். கொஞ்சக் காலம் அப்படியே நிற்கிறது: ரிமெய்ன் ஸ்டெடி. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் படிப்படியாக இறங்குகிறது: டிக்ளைன் ஸ்டெடிலி. ஐந்து சொற்றொடரும் உங்களுக்குத் தெரிந்த ஒரு குளத்தின் கதையாகிவிட்டன. நாளை வெளிநாட்டு எரிசக்தி வரைபடம் வந்தாலும் ஏறுவதும் இறங்குவதும் இதே சொற்களில்தான்.

இரண்டாவது வேலைக்கு, ரியூசன் நிலையங்களில் கொடுக்கிற ஆயத்த வசனச் சட்டகங்களை அப்படியே ஒப்புவிக்காதீர்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முன்னுரையைப் பரீட்சகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். யூஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் யூட்டிலைஸ் என்று மாற்றுவதாலும் புள்ளி ஏறாது.

நம்மிடையே பரவலாக உள்ள சில பாவனைகளையும் களைய வேண்டும். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் எபவுட் வராது. ரிட்டர்ன் என்பதோடு பேக் தேவையில்லை. கோப் அப் வித் பிழை, கோப் வித் சரி. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் மூன்றும் எண்ண முடியாதவை, கடைசியில் எஸ் சேராது.

ஆரோடு கதைப்பது?

ஊரில் ஆங்கிலத்தில் கதைக்க ஆள் இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் வன்னிக் குடும்பங்களில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு மச்சாளோ மருமகனோ இருப்பார்கள். கிழமைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் கதைக்க முடியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் ஊர்க்கதை கேட்க ஆசை இருக்கும். இந்த வாரம் குளம், அடுத்த வாரம் வயல் வெட்டு என்று தலைப்பை முதலே சொல்லி வையுங்கள்.

மற்ற நாட்களில் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஓர் அட்டை, இரண்டு நிமிடம். திரும்பக் கேட்கும்போது குட், நைஸ், திங் என்று எத்தனை தடவை சொன்னீர்கள் என்று கவனியுங்கள். அந்த இடங்களில்தான் உங்களிடம் சொல் இல்லை. நாளைய எட்டுச் சொல்லை அங்கிருந்து எடுங்கள். அடுத்த நாள் அதே அட்டையில் திரும்பவும் பதிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசி இரண்டு கிழமைகள்

புதுச் சொல் சேர்ப்பதை நிறுத்துங்கள். பெட்டியில் இருக்கிற அட்டைகள், தலைப்புத் தாள்கள், எழுத்துக்கூட்டல் பக்கம் இவ்வளவும் போதும். நேரம் வைத்து முழு மாதிரித் தாள் எழுதுங்கள். தூரத்திலிருந்து பரீட்சைக்குப் போகிறவர்கள் முதல் நாளே போய்த் தங்க ஒழுங்கு செய்யுங்கள், பதிவு செய்யும்போது கொடுத்த அதே அடையாள ஆவணத்தை மறக்காமல் கொண்டுபோங்கள்.

பேச்சுப் பகுதியில் ஒரு சொல் வராமல் போனால் மௌனமாக இருக்க வேண்டாம். அதைச் சுற்றிச் சொல்லுங்கள். வான்கதவுக்குச் சொல் மறந்தால், தண்ணீர் கூடினால் திறந்துவிடுகிற பெரிய கதவு என்று ஆங்கிலத்தில் விளக்குங்கள். அப்படி விளக்கத் தெரிவதையும் பரீட்சகர் சொல்வளமாகவே மதிப்பார். கேள்வி காதில் சரியாக விழாவிட்டால் திரும்பச் சொல்ல முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்: குட் யூ ரிபீட் தி குவெஸ்டியன், பிளீஸ்?